மைல் கணக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: விமான நிறுவனத்தின் மைல் திட்டத்தில் (பறப்பதற்கு மைல் என்ற பெயரில் புள்ளி தந்து, பிறகு அதை டிக்கெட்டாக மாற்றிக்கொள்ள விடும் திட்டம்) நான் உறுப்பினராகச் சேரவே இல்லை. ஆனாலும் "எங்களோடு அடிக்கடி பறக்கிறீர்கள்" என்று மின்னஞ்சல் வருகிறது. எப்படி?

1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தைத் தொடங்கியபோது, முன்பதிவுக் கணினியில் எந்தத் தொலைபேசி எண் திரும்பத் திரும்ப வருகிறது என்று தேடித்தான் முதல் பட்டியலைப் போட்டது. இன்று உங்கள் மின்னஞ்சல், கார்டு, கைபேசி எண் எல்லாமே விமான நிறுவனங்களிடம் இருக்கின்றன.

கேள்வி: போன பயணத்துக்கு மைல் ஏறவில்லை. என்ன செய்வது?

எந்த விமானம், எந்தத் தேதி, எந்தத் திட்டம்? ஒன்றையும் எழுதாமல் என்னிடம் பதில் கேட்டால் எப்படி? டிக்கெட் எண்ணோடு நிறுவனத்துக்கு எழுதுங்கள், காலக்கெடு உண்டு. மைல் ஏறும்வரை போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது!

கேள்வி: என்னைவிடக் குறைவாகப் பறப்பவருக்கு என்னைவிட அதிக மைல். நியாயமா?

அமெரிக்க விமான நிறுவனங்களான டெல்டாவும் யுனைடெட்டும் 2015-லேயே தூரத்தை விட்டுவிட்டு, கட்டிய பணத்துக்கு மைல் தர ஆரம்பித்துவிட்டன. அவர் விலை கூடிய டிக்கெட் வாங்குகிறார், அவ்வளவுதான்.

கேள்வி: நமக்குப் பிடித்த இருக்கை, சாப்பாடு எல்லாம் விமான நிறுவனம் பதிந்து வைத்தால் நமக்கு வசதிதானே? அதை ஆபத்து என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

வசதிதான், மறுக்கவில்லை. போன தடவை பெட்டி தொலைந்தது என்று தெரிந்த ஊழியர் இந்தத் தடவை கூடுதல் அக்கறை காட்டினால் எனக்கும் சந்தோஷம். ஆனால் அங்கே இருப்பது ஜன்னல் இருக்கை மட்டுமில்லை. கேட்ட சாப்பாட்டிலிருந்து மதத்தையோ நோயையோ ஊகிக்கலாம். சக்கர நாற்காலி கேட்டது, யாரோடு போனீர்கள், எந்தக் கார்டில் கட்டினீர்கள் என எல்லாம் சேர்கிறது. இதற்கெல்லாம் விலை உண்டு. 2020-ல் டெல்டா தன் மைல் திட்டத்தையே ஈடாகக் காட்டி சுமார் 900 கோடி டாலர் கடன் திரட்டியது. அவ்வளவு மதிப்புள்ளதைக் காப்பதிலாவது அக்கறை வேண்டாமா? 2018-ல் ஹாங்காங் விமான நிறுவனமான கேத்தே பசிபிக்கிலிருந்து சுமார் 94 லட்சம் பயணிகளின் விவரம் கசிந்தது. சிலரது பாஸ்போர்ட் எண்ணும் அதில் இருந்தது. மார்ச்சில் சந்தேகம் வந்தும், பயணிகளுக்குச் சொன்னது அக்டோபரில்! என் கோபமெல்லாம் இந்தத் தாமதத்தின் மேல்தான். ஐரோப்பியத் தரவுச் சட்டம் பொருந்துகிற நிறுவனம் என்றால், உங்களைப் பற்றிய பதிவின் நகலைக் கேளுங்கள். பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும், கட்டணம் கிடையாது. கேட்காதவர்களுக்கு யாரும் அனுப்புவதில்லை.

கேள்வி: பாஸ்போர்ட்டில் முழுப்பெயர், மைல் கணக்கில் சுருக்கம். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடாதீர்கள். பெயர் பொருந்தாவிட்டால் மைல் ஏறாமல் போகலாம். இன்றே திருத்துங்கள்.

கேள்வி: முதல் பிசினஸ் கிளாஸ் பயணம்! போர்டிங் பாஸ் படத்தை எல்லோருக்கும் பகிர்ந்தேன். தப்பா?

தப்புதான். பெயரை மறைத்தாலும் பார்கோடு பேசும். முன்பதிவுக் குறியீடும் பல சமயம் உறுப்பினர் எண்ணும் அதில் இருக்கும். அந்தக் குறியீடும் குடும்பப் பெயரும் கிடைத்தால் பல நிறுவனங்களின் தளத்தில் உங்கள் முன்பதிவையே திறந்துவிடலாம். படத்தை நீக்குங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள். பாஸை மட்டும் மைல் ஏறும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: ஒரே நிறுவனத்தில் தெரியாமல் இரண்டு கணக்கு தொடங்கிவிட்டேன்.

இரண்டு எண்ணையும் குறிப்பிட்டு ஒன்றாக இணைக்கச் சொல்லி எழுதுங்கள். அதுவரை புது டிக்கெட்டில் பழைய எண்ணையே போடுங்கள்.