பிரிக்க வேண்டிய அயனியும் பிரிக்கக் கூடாத மூலக்கூறும்

கேள்வி: அசிட்டிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் வினைபுரிவதற்கான நிகர அயனிச் சமன்பாட்டைத் தேர்வில் கேட்டிருந்தார்கள். ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து நீராகின்றன என்று எழுதினேன், மதிப்பெண் கிடைக்கவில்லை. நடுநிலையாக்கல் எல்லாவற்றுக்கும் இதுதானே சமன்பாடு? மேலும், இதை இரட்டை இடப்பெயர்ச்சி வினை என்றும் சொல்லலாமா?
– பதினொன்றாம் வகுப்பு மாணவி

பதில்: மதிப்பெண் தராதது சரிதான். நிகர அயனிச் சமன்பாடு என்பது வினையில் உண்மையில் மாறும் துகள்களை மட்டும் காட்டுவது. நீங்கள் எழுதிய சமன்பாடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பொருந்தும். ஏனெனில் அது நீர்த்த கரைசலில் ஏறக்குறைய முழுவதும் அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது. அசிட்டிக் அமிலமோ, லிட்டருக்கு 0.1 மோல் செறிவில், சுமார் 1.3 விழுக்காடு மட்டுமே பிரிகிறது. மற்றதெல்லாம் மூலக்கூறாகவே இருக்கிறது. ஒரு பொருள் கரைசலில் பெரும்பாலும் எந்த வடிவில் உள்ளதோ அந்த வடிவில்தான் அதைச் சமன்பாட்டில் எழுத வேண்டும் என்பதால், இங்கே சரியான விடை இது:

அசிட்டிக் அமிலம் + ஹைட்ராக்சைடு அயனி → அசிட்டேட் அயனி + நீர்

மாறாமல் நின்றுவிடும் பார்வையாளர் அயனி சோடியம் மட்டுமே. வலிமை மிகு அமிலம், வலிமை மிகு காரம், கரையும் உப்பு ஆகியவற்றைப் பிரித்து எழுதுங்கள். வீழ்படிவு, வாயு, நீர், வலிமை குறைந்த அமிலம் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள்.

இரண்டு பெயர்களும் சரியே. 'இரட்டை இடப்பெயர்ச்சி' என்பது, இரு சேர்மங்களின் அயனிகள் இணை மாறுவதாகத் தெரியும் முழுச் சமன்பாட்டின் தோற்றத்தைப் பார்த்து வைத்த பெயர். 'நடுநிலையாக்கல்' என்பது உள்ளே நடப்பதைச் சொல்லும் பெயர். தோற்றத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம் என்பது என் கருத்து. சோடியம் குளோரைடு கரைசலையும் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலையும் கலந்தால், தாளில் அயனிகள் இணை மாறியதுபோல எழுதிவிடலாம். ஆனால் நான்கு அயனிகளும் இருபுறமும் நீங்கிவிடுவதால் எழுத எதுவுமே மிஞ்சாது, அதாவது வினையே நிகழவில்லை. பேரியம் ஹைட்ராக்சைடுடன் கந்தக அமிலத்தைச் சேர்க்கும்போதோ நீக்குவதற்கு ஓர் அயனிகூட இராது. பேரியம் சல்பேட் வீழ்படிவாகிறது, நீரும் உருவாகிறது. ஆகவே அது ஒரே நேரத்தில் வீழ்படிவு வினையும் நடுநிலையாக்கல் வினையும் ஆகும்.

எலக்ட்ரான்கள் கைமாறும் ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினைகளில் இன்னொரு பிழையும் அடிக்கடி நேர்கிறது. தாமிரத்தை வெள்ளி நைட்ரேட் கரைசலில் இட்டால், ஒரு தாமிர அணுவுக்கு ஒரு வெள்ளி அயனி என்று எழுதி, அணுக்கள் சமமாகிவிட்டன என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அப்போது இடப்புற மின்சுமை +1 ஆகவும் வலப்புறம் +2 ஆகவும் இருக்கும். தாமிரம் இரண்டு எலக்ட்ரான்களை இழப்பதால், அவற்றை ஏற்க இரண்டு வெள்ளி அயனிகள் வேண்டும்.