தேங்காய் மணக்கும் முட்செடி

அன்புள்ள ஐயா,

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று உதகையில் இருக்கிறேன். மே கடைசியில் மூன்று வாரம் ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸில் மகள் வீட்டில் தங்கப்போகிறேன். கேர்ன்கார்ம்ஸ் மலைகள் பக்கம்தான் என்பதால் 150-600 லென்ஸ் ஒன்று வாங்கிவிட்டேன். வெள்ளை மலைமுயல், கேப்பர்கேலி என்ற காட்டுப்பறவை இரண்டையும் எடுத்தே தீரவேண்டும். கேப்பர்கேலி கூடுகிற இடத்தைச் சொல்வீர்களா?

(பெயர் வேண்டாம் என்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

லென்ஸ் வாங்கியாயிற்று, இனி அதைப் பற்றிப் பேசுவானேன்.

முயல் விஷயத்தில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. வெள்ளை அதன் பனிக்காலச் சட்டை. நீங்கள் போகும்போது முதுகு பழுப்பாகியிருக்கும், பாதத்திலும் வயிற்றிலும் கொஞ்சம் வெள்ளை ஒட்டிக்கொண்டிருக்கலாம். எனக்கென்னவோ அந்த அரைகுறைக் கோலம்தான் பிடிக்கும். ஃபிண்ட்ஹார்ன் பள்ளத்தாக்குக்குப் போங்கள். முயலை நோக்கி நேராக நடக்காதீர்கள். அது காதை நிமிர்த்தினால் அப்படியே உட்கார்ந்துவிடுங்கள். மறுபடி மடித்துக்கொண்டால் உங்களை மன்னித்துவிட்டது என்று அர்த்தம்.

கேப்பர்கேலி இடத்தைச் சொல்லமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். வான்கோழி அளவிருக்கும் அந்தப் பறவை 18ஆம் நூற்றாண்டிலேயே ஸ்காட்லாந்தில் அற்றுப்போனது. 1837இல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். 2021-22 கணக்கெடுப்பில் மிஞ்சியிருப்பவை ஐந்நூற்றுச் சொச்சம் என்று மதிப்பிட்டார்கள், அதுவும் பெரும்பாலும் கேர்ன்கார்ம்ஸ் பைன் காடுகளில். விடியற்காலையில் சேவல்கள் கூடி ஆடும் இடத்துக்கு ஒரு ஆள் போய் நின்றால் பெட்டைகள் வராமலே போய்விடக்கூடும். அந்தக் கூட்டத்தைக் கலைப்பது அங்கே குற்றமும்கூட. நீங்கள் போகிற நேரம் பெட்டைகள் முட்டைமேல் இருக்கும். காட்டுப்பாதையை விட்டு இறங்காதீர்கள், நாய் வைத்திருக்கும் நண்பரோடு போகாதீர்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் அநேகமாக எந்த நிலத்திலும் நடக்கலாம்தான், பொறுப்போடு நடந்தால்.

உங்களிடம் நான் கேட்க நினைப்பது வேறு. கார்ஸ் செடியை எடுங்கள். ஆமாம், நீலகிரிப் புல்வெளிக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கும் அதே மஞ்சள் முட்புதர்தான். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. அங்கே அது சொந்த ஊர்க்காரன். மே மாதம் சாலையோரமெல்லாம் மஞ்சள் பற்றி எரியும். வெயில் ஏறியதும் பக்கத்தில் போய் மூச்சை இழுங்கள்: துருவிய தேங்காய் வாசனை! ஊட்டியில் இதை முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? களையை யார் முகர்கிறார்கள்.

படமெடுக்கும்போது வெயிலில் அந்த மஞ்சள் வெறும் தீற்றலாகிவிடும், இதழின் மடிப்பே தெரியாது. எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் ஒளியை, ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள். மேகம் மூடினால் இன்னும் நல்லது, மேகத்துக்கு அங்கே பஞ்சமில்லை. புதரின் உச்சியில் இரண்டு கூழாங்கல்லைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம் கேட்டால் அது ஸ்டோன்சாட். உங்கள் ஊர்க் கறுப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டின் பங்காளி. அதற்கு உங்கள் 600 சரியாக இருக்கும்.

ஜூன் நடுவில் இன்னும் அங்கே இருந்தால் பழைய பைன் காடுகளின் பாசித்தரையில் ட்வின்ஃப்ளவர் தேடுங்கள். விரல் உயரக் காம்பு, உச்சியில் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு இளஞ்சிவப்பு மணி. செடிகளுக்கெல்லாம் அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் தன் பெயரைத் தாங்க அனுமதித்த செடி இது. குப்புறப் படுத்தால்தான் மணிக்குள் இருக்கும் கோடுகள் தெரியும். படுக்குமுன் தரையைப் பாருங்கள். அபர்னெத்தி காட்டில் பைன் ஊசி குவித்த மேடு ஒன்றின்மேல் வசதியாக முழங்கையை ஊன்றிப் படமெடுத்தேன். அது எறும்புப் புற்று. அன்று எடுத்த நாற்பது படத்தில் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை.

மகளிடம் சொல்லி முகவலை ஒன்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள். காற்று நின்றால்தான் பூ ஆடாமல் நிற்கும். காற்று நின்றால்தான் மிட்ஜ் கொசுக்களும் கிளம்பும்.