கொழிஞ்சாம்பாறை வீடும் இரவில் இறங்கும் மூட்டைகளும்

கேள்வி: கேரளாவில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் அப்பா கட்டிய வீட்டை, அவர் காலமான பிறகு நானும் அண்ணனும் வாடகைக்கு விட்டோம். நாங்கள் இருப்பது பொள்ளாச்சியில். இங்கேயே தமிழ்நாட்டு முத்திரைத்தாளில் பதினோரு மாத ஒப்பந்தம் எழுதினோம். அது முடிந்து நாலு மாதம் ஆகிறது. அதன் பிறகு ஒரு மாத வாடகைதான் வந்தது, மூன்று மாதம் பாக்கி. குடும்பத்தோடு வருவதாகச் சொன்னவர் யாரையும் கூட்டி வரவில்லை. ராத்திரியில் வேன் வந்து மூட்டை இறக்குகிறது என்று பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார். ரேஷன் அரிசியோ, வேறு எதுவோ தெரியவில்லை. பூட்டை மாற்றிவிடலாம் என்கிறார் அண்ணன். எங்கள் மேல் கேஸ் வருமா?

பதில்: அம்மா, முதலில் அண்ணனைத் தடுத்து நிறுத்துங்கள். வாடகை பாக்கி இருந்தாலும், ஒப்பந்தம் முடிந்திருந்தாலும், கோர்ட் உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றினால், 1963-ஆம் வருடத்துக் குறிப்பீட்டுப் பரிகாரச் சட்டத்தின் (Specific Relief Act) 6-ஆவது பிரிவில் ஆறு மாதத்துக்குள் அவர் வழக்குப் போடலாம். அந்த வழக்கில் வீடு யாருடையது என்று கோர்ட் பார்க்காது, யார் கையில் இருந்ததைப் பிடுங்கினார்கள் என்று மட்டும்தான் பார்க்கும். கரண்ட், தண்ணீரை நிறுத்துவதும் அதே மாதிரிதான், கேரள வாடகைச் சட்டம் அதைத் தடை செய்கிறது. இதையெல்லாம் செய்தால் தப்பு செய்தவர் புகார்தாரராகி, நீங்கள் எதிரியாகி நிற்பீர்கள்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருவோம். வீட்டுச் சொந்தக்காரர் என்ற ஒரே காரணத்துக்காக யாரும் குற்றவாளி ஆக மாட்டார்கள். ஆனால் சட்டத்தில் ‘தெரிந்தே’ என்று ஒரு சொல் இருக்கிறது. மூட்டையில் இருப்பது கஞ்சா என்று வையுங்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, தெரிந்தே இடத்தைக் குற்றத்துக்குப் பயன்படுத்த விட்ட உரிமையாளருக்கும், அந்தக் குற்றத்துக்கு உரிய அதே தண்டனையைச் சொல்கிறது. அரிசிப் பதுக்கலிலும், தெரிந்தே உடந்தையாக இருந்தீர்களா என்பதுதான் கேள்வி. பக்கத்து வீட்டு அக்கா போன் செய்கிற வரைக்கும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் போனுக்குப் பிறகு ‘எனக்குத் தெரியாது’ என்று முழு மனதோடு உங்களால் சொல்ல முடியுமா? அது வெறும் சந்தேகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சந்தேகம் வந்த பிறகு சும்மா இருந்தீர்கள் என்பது நாளைக்கு உங்களுக்கு எதிராகப் பேசும். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று செக்போஸ்ட் வரிசையாக இருக்கிற இந்த எல்லையில், ஆள் இல்லாத வீட்டுக்கு இருக்கிற கிராக்கி உங்களுக்குத் தெரியாததல்ல.

அதனால் எழுத்தில் புகார் கொடுங்கள். வீடு இருக்கிற இடத்தின் கேரள போலீஸ் ஸ்டேஷனுக்கு நேரில் போவது நல்லது. முடியாவிட்டால், 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தது என்று பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே எழுதுங்கள், அரிசி என்றோ கஞ்சா என்றோ நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். ஒப்பந்தத்தின் நகல், அவர் கொடுத்த ஆதார் நகல், வாடகை வந்த வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் இணையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ராத்திரியில் நீங்களோ அண்ணனோ போகவே கூடாது. இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் காலி செய்கிற விஷயம். நீங்கள் பொள்ளாச்சியில் இருப்பதால் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், வாடகை அதிகாரி, பதிவு எண் என்றெல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது எதுவும் இந்த வீட்டுக்குப் பொருந்தாது. வீடு நிற்கும் மண்ணின் சட்டம்தான் செல்லும். அதாவது, 1965-ஆம் வருடத்துக் கேரளக் கட்டடக் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதுவும் அரசு அறிவித்த பகுதிகளில்தான் நடப்பில் இருக்கும். உங்கள் பஞ்சாயத்து அதில் வருகிறதா என்று பாலக்காட்டுச் சித்தூரில் உள்ள வக்கீலிடம் முதலில் கேளுங்கள்.

வருகிறது என்றால், ஒப்பந்தக் காலம் முடிந்தது என்பது மட்டும் காலி செய்யக் காரணம் ஆகாது. பாக்கிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த பதினைந்து நாளுக்குள் ஆறு சதவீத வட்டியோடும் தபால் செலவோடும் அவர் கட்டிவிட்டால் அந்தக் காரணம் போய்விடும். காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்த பிறகும் கட்டித் தப்பிக்க ஒரு மாத வாய்ப்பு உண்டு. எனவே பாக்கியை மட்டும் நம்பாதீர்கள். வேறு யாருக்காவது உள்வாடகைக்கு விட்டிருக்கிறாரா, ஆறு மாதமாகத் தொடர்ந்து குடியிருக்காமல் இருக்கிறாரா என்று பாருங்கள், இரண்டுமே தனிக் காரணங்கள்.

உங்கள் பஞ்சாயத்து அந்தச் சட்டத்தில் வரவில்லை என்றால் வேலை சுலபம். ஒப்பந்தம் முடிந்த பிறகு ஒரு மாத வாடகை வாங்கிவிட்டதால், இப்போது அது மாதவாடகைக் குடித்தனம். சொத்து மாற்றுச் சட்டப்படி பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்து முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போடலாம். தமிழ்நாட்டு முத்திரைத்தாளைக் கேரளக் கோர்ட்டில் காட்டும்போது முத்திரைத் தீர்வை குறைவு என்று ஆட்சேபம் வரலாம், அதையும் வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, மின் இணைப்பு இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டு இணைப்பைக் குடோனுக்குப் பயன்படுத்தினால் மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவில் இரட்டிப்புக் கட்டணம் போடுவார்கள். நோட்டீஸ் அந்தப் பெயருக்கும் வரலாம். மின்வாரிய அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

மலையாளம் எழுத வராதே என்று தயங்க வேண்டாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதும் உரிமையைக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லிருந்தே தருகிறது. புகாரை இந்த வாரமே கொடுங்கள், ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வெளியே வராதீர்கள். வக்கீல் நோட்டீஸ் அடுத்த வாரம் போகட்டும்.