வாரியப் பணத்தை நம்பி வட்டிக்கு வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் விருதுநகர் மாவட்டம். வீட்டுக்காரர் கொத்தனார், வயது 47. நான் சித்தாள் வேலைக்குப் போகிறேன், வயது 43. அவருக்கு நாள் கூலி 1,000 ரூபாய், எனக்கு 600. மழை மாதங்களில் பாதி நாள் வேலை இருக்காது. பெரிய மகளுக்கு வருகிற தை மாதம் கல்யாணம். சின்னவள் பி.காம். இரண்டாம் ஆண்டு, அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வருகிறது. சீட்டில் சேர்த்தது போகக் கல்யாணச் செலவுக்கு இன்னும் 2 லட்சம் வேண்டும். தெரிந்தவர் ஒருவர் மூன்று ரூபாய் வட்டிக்குத் தருகிறேன் என்கிறார். வீட்டுக்காரரிடம் கட்டுமான நலவாரிய அட்டை இருக்கிறது, ஆனால் புதுப்பிக்காமல் விட்டுவிட்டோம். அதைப் புதுப்பித்துக் கல்யாணத்துக்கு 20,000 வாங்கித் தர ஓர் ஆள் 3,000 கேட்கிறார். அது வந்தால் கடனில் கொஞ்சம் அடைக்கலாம் என்று நினைக்கிறோம். என்னிடம் 5 பவுன் இருக்கிறது. அதைத் தொட மனமில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் வட்டிக் கணக்கு. 2 லட்சத்துக்கு மூன்று ரூபாய் வட்டி என்றால் மாதம் 6,000. மூன்று மாதத்தில் 18,000. வாரியத்தில் இருந்து 20,000 வந்தாலும் அது மூன்று மாத வட்டிக்குத்தான் காணும். அசலில் ஒரு செங்கல்கூட நகராது. அதுவும் அந்தப் பணம் மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் நாளில் வராது. கல்யாணம் முடிந்து, அதற்கான சான்றுகளோடு விண்ணப்பித்து, அதிகாரி சரிபார்த்த பிறகு வங்கிக் கணக்கில் ஏறும். ஆகவே வாரியப் பணத்தைக் கணக்கிலேயே எடுக்காமல் கல்யாணத்துக்குத் திட்டமிடுங்கள். வரும்போது வரட்டும்.

அப்புறம் நகை. தொட மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கழுத்தில் கிடப்பதைக் கழற்றுவது எந்தப் பெண்ணுக்கும் லேசான காரியம் இல்லை, கல்யாண வீட்டில் நாலு பேர் கண்ணுக்கும் படும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக் கடனுக்கு வருட வட்டி 9, 10 சதவீதம் என்ற அளவில்தான் இருக்கும். உங்கள் பாஷையில் சொன்னால் ஒரு ரூபாய் வட்டிக்கும் கீழே. 2 லட்சத்துக்கு மாத வட்டி சுமார் 1,700. இன்றைய தங்கம் விலைக்கு 5 பவுன் இந்தத் தொகையைத் தாங்கும். வெளியே வாங்கினால் 6,000, நகையை வைத்தால் 1,700.

உங்களைப் போலக் கூலி வேலை செய்கிறவர்களுக்கு நகைக் கடனில் இன்னொரு வசதி உண்டு. சித்திரை, வைகாசியில் வாரம் ஆறு நாளும் வேலை இருக்கும்; ஐப்பசி, கார்த்திகையில் சாரம் நனைந்துகொண்டு சும்மா நிற்கும். நகைக் கடனில் கையில் இருக்கும்போது அசலில் 5,000, 10,000 என்று கட்டி வட்டியைக் குறைத்துக்கொண்டே வரலாம். வட்டிக்காரரிடம் அது நடக்காது. அசலை மொத்தமாகக் கொடு என்பார், அதுவரை மாதாமாதம் வட்டியைக் கேட்டு வாசலில் நிற்பார். மாதம் சராசரியாக 10,000 கட்டினால் இரண்டு வருடத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். 2 லட்சத்தையே ஒன்றரையாகக் குறைக்க முடியுமா என்று வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பேசிப் பாருங்கள். சாப்பாட்டில் கை வைக்கச் சொல்லவில்லை. முதல் நாள் வரவேற்பு, பிளெக்ஸ், டிரோன் கேமரா போன்றவற்றைச் சொல்கிறேன்.

இப்போது அட்டைக்கு வருகிறேன். சில வருடம் முன்பு நான் வீடு கட்டினேன். வரைபட அனுமதிக்குப் பணம் கட்டும்போது ரசீதில் தொழிலாளர் நலநிதி என்று ஒரு வரி இருந்தது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம். அப்போது நடப்பில் இருந்த 1996-ம் வருடச் சட்டப்படி, 10 லட்சத்துக்குள் சொந்தக் குடியிருப்புக்காகக் கட்டும் வீடுகள் நீங்கலாக, மற்றக் கட்டடங்களுக்கு இது இருந்தது. அந்தப் பணம் வாரியத்துக்குப் போகிறது. வேலைக்கு வந்த கொத்தனாரிடம் பதிவு செய்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பர்சிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட அட்டையை எடுத்துக் காட்டினார். ஓரம் முழுக்கச் சிமென்ட் கறை. காலாவதியாகி நாலு வருடம்! அவர் கட்டுகிற சுவரில் இருந்து அவருக்கென்று பிடித்த பணம் வாரியத்தில் இருக்கிறது, கேட்கும் உரிமையைப் பர்சிலேயே காலாவதி ஆகவிட்டிருக்கிறார். உங்கள் வீட்டுக்காரர் கதையும் அதேதான்.

புதுப்பிக்கக் கட்டணம் கிடையாது. புதுப் பதிவுக்கும் கிடையாது. தொழிலாளர் நலவாரிய இணையதளத்தில் நீங்களே செய்யலாம். தெரியாவிட்டால் இ-சேவை மையத்தில் அவர்களுக்கான சேவைக் கட்டணம் மட்டும் கொடுத்துச் செய்யலாம். பதிவு பெற்ற தொழிற்சங்கத்தில் உறுப்பினராகி அவர்கள் மூலம் செய்வதும் ஒரு வழி. சங்கம் சந்தா வாங்கும், அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அலைச்சலை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் 3,000 கேட்கும் ஆளிடம் ஆதாரையும் ஓடிபியையும் கொடுத்துவிட்டால், பணம் வரும் நேரத்தில் பாதியை எனக்குக் கொடு என்று நிற்பார். அந்த ஆளை விட்டுவிடுங்கள்.

கல்யாணத் தேதிக்கு முன்பே பதிவு நடப்புக்கு வந்துவிட வேண்டும். தாலி கட்டிய பிறகு புதுப்பித்தால் வாதாட வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறொன்று. அட்டை அவர் பெயரில் மட்டும் இருக்கிறது. மண் சுமந்து, கலவை போட்டு, அவர் ஏறுகிற மாடிக்கெல்லாம் நீங்களும் ஏறுகிறீர்கள். உங்களுக்கு அட்டை இல்லை! சித்தாளும் கட்டுமானத் தொழிலாளிதான். 18 முதல் 60 வயதுக்குள் யாரும் பதியலாம். உடனே பதியுங்கள், 20,000-க்காக இல்லை, 60 வயதுக்காக. 60 முடிந்ததும் வாரியம் மாத ஓய்வூதியம் தருகிறது. தொகை ஆயிரத்துச் சொச்சம்தான், அதை வைத்து யாரும் ராஜாவாக வாழ முடியாது. ஆனால் இரண்டு பேருக்கும் தனித்தனியாக வந்தால் அரிசி, பருப்பு, மாத்திரைக்கு மகள்கள் கையை எதிர்பார்க்க வேண்டாம். 60 தாண்டிப் போய்க் கேட்டால் புதிதாகப் பதிய முடியாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அடுத்த தேதியை ரேஷன் கார்டு உறையிலேயே எழுதி வையுங்கள்.

சின்னவள் படிப்புக்கும் வாரியம் உதவித்தொகை தருகிறது. பெரிய தொகை இல்லை, பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். புதுமைப் பெண் பணம் வாங்குவதால் அது தடைபடாது. கல்லூரியில் படிப்புச் சான்று வாங்கி இந்த வருடமே விண்ணப்பியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் விபத்தில் உயிர் போனால் வாரியம் லட்சக்கணக்கில் உதவித்தொகை தருகிறது. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? "போலீஸ் கேஸ் எல்லாம் வேண்டாம், ஓனர் நல்ல மனுஷன்" என்று மேஸ்திரி ஐம்பதாயிரத்தைக் கையில் திணித்து, அன்று மாலையே அடக்கம் முடிந்துவிடும். முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் அந்தப் பணத்தைக் கேட்பது ரொம்பக் கஷ்டம். வேலை கொடுத்தவரிடம் சட்டப்படி கேட்கும் இழப்பீடு வேறு. அதற்கும் இதே காகிதங்கள்தான் ஆதாரம். கேட்கவே பிடிக்காத பேச்சுதான், ஆனாலும் வீட்டுக்காரரிடமும் கூட வேலை செய்கிறவர்களிடமும் ஒருமுறை பேசி வையுங்கள்.

இதோடு வங்கியில் இரண்டு காப்பீடு. சுரக்‌ஷா பீமா வருடத்துக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். ஜீவன் ஜோதி பீமா வருடத்துக்கு 436 ரூபாய், எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். இதில் 50 வயதுக்குள் சேர்ந்துவிட வேண்டும், வீட்டுக்காரருக்கு இன்னும் மூன்று வருடம்தான். இருவருக்கும் இரண்டும் சேர்த்து 912 ரூபாய். மே கடைசியில் கணக்கில் பணம் இல்லையென்றால் ஜூன் முதல் காப்பீடு அறுந்துவிடும், கவனம்.

வாரிய வேலையில் பெரும்பாலும் இழுத்தடிப்பது பெயர்தான். ஆதாரில் முத்துலட்சுமி, பாஸ்புக்கில் லட்சுமி, ரேஷன் கார்டில் வேறு இனிஷியல் என்று இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஆதாரில் இணைந்திருக்கும் செல் நம்பர் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டட வேலை செய்வதற்கான சான்றில் வேலை கொடுப்பவரோ, தொழிற்சங்கமோ, வி.ஏ.ஓ.வோ கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால் விருதுநகரில் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் நேரில் கேளுங்கள்.

ஒரு நாள் இருவரும் வேலைக்குப் போகாமல் இதை முடித்தால் 1,600 ரூபாய் கூலி போகும். அந்த ஆள் கேட்ட 3,000-ல் ஏறக்குறைய பாதிதான் அது.