சொந்தப் புத்தியோடு நடந்த முதலீட்டு ஆலோசகர் என்று யாரைச் சொல்வீர்கள்?

கேட்டவர் இரண்டு கேள்விகளை வைத்திருக்கிறார். கூட்டத்தோடு கோவிந்தா போடாமல் தன் போக்கில் சிந்தித்து எழுதிய முதலீட்டு ஆலோசகர் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்ல முடியுமா என்பது ஒன்று. அப்படிப்பட்டவரை இன்று எப்படி அடையாளம் காண்பது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு என் விடை அமெரிக்கரான ஹாரி பிரௌன். அவர் சொன்னபடி நடந்து பணம் பண்ணியவர்கள் பலர் உண்டு என்றாலும், அதற்காக அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. எதிர்காலத்தைக் கணித்துச் சொல்லிப் புகழ் பெற்ற ஒருவர், அந்தப் புகழ் உச்சத்தில் இருந்தபோதே, கணிப்பை நம்பிப் பணத்தை வைக்காதீர்கள் என்று தன் வாசகர்களிடம் சொல்லத் தொடங்கியதும், சாகும்வரை அந்தச் சொல்லில் நின்றதும் இந்தத் தொழிலில் மிகவும் அபூர்வம்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சிறு கடைக்காரர்கள், சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள் ஆகியோரின் வருமான வரிக் கணக்குகளே என் மேசைக்கு வருகின்றன. ஆகையால் இந்தப் பதில் அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கும்.

பிரௌன் 1933-இல் நியூயார்க்கில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர். கல்லூரிப் பட்டம் எதுவும் இல்லாதவர். அவர் பிறந்த அதே ஆண்டில்தான் அமெரிக்க அரசு தன் குடிமக்கள் தங்கக் காசும் தங்கக் கட்டியும் வைத்திருப்பதைத் தடை செய்தது. அதற்கு அடுத்த ஆண்டு ஓர் அவுன்ஸ் தங்கத்தின் விலை 35 டாலர் என்று நிர்ணயிக்கப்பட்டது. வெளிநாட்டு அரசுகள் மட்டும் தம்மிடமிருந்த டாலரைக் கொடுத்து அந்த விலைக்குத் தங்கத்தை வாங்கிக்கொள்ளலாம். 1960-களில் போருக்கும் பிற செலவுகளுக்குமாக டாலர் பெருகிக்கொண்டே போக, பெட்டகத்தில் இருந்த தங்கமோ குறைந்துகொண்டே வந்தது. இந்தக் கணக்கு ஒருநாள் உடையத்தான் வேண்டும் என்று, பொருளாதாரத் துறையில் எந்தப் பதவியும் இல்லாத பிரௌன், 1970-இல் வெளிவந்த தம் முதல் நூலில் எழுதினார். தங்கம், வெள்ளி, சுவிஸ் பிராங்க் ஆகியவற்றில் பணத்தை வையுங்கள் என்பது அவருடைய யோசனை. டாலரால்தான் தங்கத்துக்கு மதிப்பே தவிர, தங்கத்தால் டாலருக்கு மதிப்பில்லை என்று பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. 1971 ஆகஸ்ட் 15 அன்று அதிபர் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை அறுத்தார். 1974-இல் வந்த பிரௌனின் அடுத்த முதலீட்டு நூல் பரபரப்பாக விற்றது. 1980 ஜனவரியில் தங்கம் 850 டாலரைத் தொட்டது. ஒரு டாலருக்கு 4 பிராங்குக்கு மேல் கிடைத்துவந்த நிலை மாறி, 1978 முடிவதற்குள் 2 பிராங்கு கூடக் கிடைக்கவில்லை.

அந்த ஏற்றத்தில் எங்கள் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. தென்னாப்பிரிக்கா 1967-இல் க்ரூகர்ராண்ட் நாணயத்தை வெளியிட்டது. ஒரு பக்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்த போயர் குடியரசின் அதிபரான தாடி வைத்த பால் க்ரூகரின் முகம், மறுபக்கம் துள்ளிச் செல்லும் ஸ்பிரிங்பாக் மான். செம்பு கலந்த 22 காரட் தங்கம் என்பதால் சற்றே சிவந்த நிறம். உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம் சரியாக ஓர் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம். எங்கள் நாட்டுப் பணமான ராண்டில் அதன் மதிப்பு எத்தனை என்று நாணயத்தில் எங்கும் பொறிக்கப்படவில்லை. அன்றைய தங்கத்தின் விலையே அதன் விலை. 1974 டிசம்பர் 31 முதல் அமெரிக்கர்கள் மீண்டும் தங்கம் வாங்கலாம் என்றானபோது, அவர்கள் கைக்கு எளிதில் கிடைத்தது இந்தக் காசுதான். பிறகு நிறவெறி ஆட்சிக்கு எதிராக 1985-இல் அமெரிக்கா அதன் இறக்குமதியைத் தடை செய்தது வேறு கதை.

இதுவரை சொன்னதோடு பிரௌனின் வாழ்க்கை முடிந்திருந்தால் அவரைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இருந்திருக்காது. ஒரு முறை சரியாகக் கணித்தவர்கள் ஏராளம். 1981 ஜனவரியில் ஜோசப் கிரான்வில் என்ற முதலீட்டு மடல் ஆசிரியர் எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள் என்று சந்தாதாரர்களுக்குச் சொல்லியனுப்ப, மறுநாள் அமெரிக்கப் பங்குச் சந்தை 2 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. ஆனால் 1982 ஆகஸ்டில் தொடங்கிய பெரும் ஏற்றத்தை அவர் நம்பவில்லை. அவரை நம்பியவர்களும் கரையிலேயே நின்றுவிட்டார்கள். பிரௌனும் 1974 முதல் 1997 வரை சந்தாதாரர்களுக்கு முதலீட்டு மடல் வெளியிட்டவர்தான். கணிப்பு இல்லாத மடலை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அந்தத் தொழிலின் சோறே கணிப்பில்தான் இருக்கிறது. அப்படியிருக்க, தங்கத்தின் தீர்க்கதரிசி என்று பெயர் வாங்கியவர், உங்கள் வாழ்நாள் சேமிப்பை என் கணிப்பின்மேல் வைக்காதீர்கள் என்று எழுதினார். கிளி ஜோசியக்காரர் தன் கையாலேயே கூண்டைத் திறந்துவிட்டதற்குச் சமம் அது.

கணிப்புக்குப் பதிலாக அவர் முன்வைத்த திட்டம் எளிமையானது. 1982-இல் தொடங்கப்பட்ட ஒரு பரஸ்பர நிதியில் (பலரின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்ட்) அதன் முதல் வடிவம் இருந்தது. வெள்ளி, சுவிஸ் பிராங்க், நிலம் சார்ந்த பங்குகள் என்று அதில் பல பிரிவுகள். 1980-களின் பிற்பகுதியில் அதையும் சுருக்கி நான்கே பங்காக்கினார். சேமிப்பில் 25 சதவீதம் நிறுவனப் பங்குகளில், 25 சதவீதம் நீண்ட கால அரசுப் பத்திரங்களில், 25 சதவீதம் தங்கத்தில், 25 சதவீதம் ரொக்கத்தில். நாடு செழித்தால் பங்குகள் ஏறும்; விலைவாசி கட்டுமீறினால் தங்கம் ஏறும்; விலைகளும் வட்டியும் விழுந்தால் நீண்ட காலப் பத்திரங்கள் ஏறும்; வட்டி உயர்ந்து எல்லாமே சுருங்கும் காலத்தில் ரொக்கம் காப்பாற்றும். இந்த நான்கில் எது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதே திட்டத்தின் அடித்தளம். ஏதேனும் ஒரு பங்கு 35 சதவீதத்தைத் தாண்டினாலோ 15 சதவீதத்துக்குக் கீழே போனாலோ எல்லாவற்றையும் மறுபடி 25-க்குக் கொண்டுவர வேண்டும். மற்றபடி ஆண்டு முழுவதும் அதைத் தொடத் தேவையில்லை. யூகத்தில் ஆடிப் பார்க்க ஆசைப்படுபவர்கள், இழந்தாலும் வாழ்க்கை தடுமாறாத அளவுக்கு ஒரு தனித் தொகையை ஒதுக்கி அதில் ஆடிக்கொள்ளலாம் என்றும் இடம் விட்டார். தமக்கே அந்த ஆசை இருந்ததால் பிறருக்கு அதை மறுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இதில் என்னைக் கவர்வது ஒன்று உண்டு. 1980-க்குப் பிறகு தங்கம் இருபது ஆண்டுகள் தேய்ந்து, 2001-இல் 260 டாலருக்கும் கீழே கிடந்தது. தம்மைப் புகழுக்குக் கொண்டுவந்த பொருள் அப்படிக் கிடந்தபோது, தங்கம் மறுபடி வானைத் தொடும் என்று அவர் பழைய பல்லவியைப் பாடவில்லை. இனித் தங்கமே வேண்டாம் என்று தலைகீழாகவும் மாறவில்லை. கால் பங்கு என்றால் கால் பங்குதான் என்று இருந்தார். 2008-இல் அமெரிக்கப் பங்குகள் 37 சதவீதம் இழந்தபோது அந்த நான்கு பங்குக் கலவை ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. அதைப் பார்க்க அவர் இல்லை. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். என்ற நோயால் 2006 மார்ச்சில் இறந்துவிட்டார்.

டர்பனில் இருந்து பார்க்கும்போது இந்தத் திட்டத்துக்கு வேறு அர்த்தமும் உண்டு. 1985 ஆகஸ்ட் 15 அன்று, இதே ஊரின் நகர மண்டபத்தில், சீர்திருத்தம் அறிவிப்பார் என்று உலகமே எதிர்பார்த்திருந்த அதிபர் போத்தா முரண்டு பிடித்துப் பேசிவிட்டுப் போனார். அயல்நாட்டு வங்கிகள் பணத்தைத் திருப்பிக் கேட்க, ராண்டின் மதிப்பு சரிந்து, மாத இறுதியில் பங்குச் சந்தையையும் நாணயச் சந்தையையும் சில நாட்கள் மூடிவைக்க வேண்டியதாயிற்று. 2001-இல் இன்னொரு பாடம். ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 7.60 ராண்டாக இருந்தது, டிசம்பரில் 13.84-ஐத் தொட்டது. அந்த ஆண்டு டாலர் விலையில் தங்கம் பெரிதாக அசையவே இல்லை. ஆனால் ராண்டில் கணக்குப் பார்த்தால் அதன் விலை பாதிக்கும் மேல் கூடியிருந்தது. ஆகவே எங்களுக்குத் தங்கம் என்பது விலைவாசிக்கு மட்டுமின்றி, எங்கள் நாணயத்தின் வீழ்ச்சிக்கும் காப்பாக நிற்கிறது.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒருமுறை என்னிடம் வந்தார். காலஞ்சென்ற அவர் கணவர் வாங்கி வைத்த க்ரூகர்ராண்டுகளை, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி, பழைய தேயிலை டின் ஒன்றில் வைத்திருந்தார். “தம்பி, இது இன்னும் ஏறுமா, இப்பவே வித்துடலாமா?” என்பதே அவர் கேள்வி. “ஆன்ட்டி, அது எனக்குத் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. உங்களிடம் மொத்தம் என்னென்ன இருக்கிறது என்று முதலில் எழுதுவோம்” என்றேன். குடியிருக்கும் வீட்டையும் ஓய்வூதியத்தையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், வங்கியில் ஒரு வைப்புத்தொகை, அதற்கு அடுத்து இந்தக் காசுகள், அவ்வளவுதான். தங்கம் ஏறிய ஏற்றத்தில் அவருடைய சேமிப்பில் பாதிக்கு மேல் அந்த டின்னுக்குள் இருந்தது. விலை ஏறுமா இறங்குமா என்ற பேச்சுக்கே போகாமல் கணக்கே பதில் சொல்லிவிட்டது. ஒரு பகுதியை விற்று, அரசு வெளியிடும் சில்லறைச் சேமிப்புப் பத்திரங்களிலும், சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் ஒரு நிதியிலும் போட்டார். விற்பனை லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு என்பதை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். க்ரூகர்ராண்ட் சொந்த உபயோகப் பொருள் என்ற விலக்குக்குள் வராது. 2001 அக்டோபர் 1-க்கு முன்பு வாங்கியதாக இருந்தால் அந்த நாளின் மதிப்பையும் தேடி எடுத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பிரௌனை அப்படியே எடுத்து விழுங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 2022-இல் பங்குகளும் நீண்ட காலப் பத்திரங்களும் ஒருசேர விழ, அமெரிக்காவில் அந்தக் கலவை 10 சதவீதத்துக்கும் மேல் இழந்தது. தென்னாப்பிரிக்க அரசின் நீண்ட காலப் பத்திரம் அமெரிக்கப் பத்திரத்தைப் போன்றதும் அன்று; நெருக்கடி வந்தால் உலகமே ஓடிவந்து வாங்கும் அதற்கு மாறாக, இதை முதலில் விற்றுவிட்டு ஓடுவார்கள். எனவே அந்தப் பங்கில் விலைவாசியோடு இணைந்து உயரும் பத்திரங்களையும் சேர்த்துக்கொள்வது இங்கே பொருத்தம் என்பது என் கருத்து.

அவர் 1996-இலும் 2000-இலும் அரசின் தலையீடு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்னும் லிபர்டேரியன் கட்சியின் சார்பில் அதிபர் தேர்தலில் நின்று, முதல்முறை 4,85,000 வாக்குகளுக்கு மேலும், அடுத்த முறை அதைவிட ஒரு லட்சம் குறைவாகவும் பெற்றார். அந்த அரசியலுக்கு வேராக இருந்த கருத்து 1973-இல் அவர் எழுதிய சுயவிடுதலை நூலிலேயே இருக்கிறது. கூட்டாகச் சேர்ந்து ஒன்றைச் சாதிக்கப் பார்ப்பது தனி மனிதனைச் சிக்கவைக்கும் பொறி என்று அதில் சொல்கிறார். இதை என்னால் ஏற்கவே முடியாது. 1860 முதல் இந்தியாவிலிருந்து, டர்பன் அடங்கிய நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அரசு போதிய பள்ளி கட்டாதபோது, சமூகமே காசு திரட்டி, அரசின் மானியத்தையும் கேட்டு வாங்கித்தான் பள்ளிகளைக் கட்டியது. தேயிலை டின்னோடு வந்தாரே, அந்த ஆசிரியை படித்ததும் அப்படிப்பட்ட ஒரு பள்ளியில்தான். ஒரே நிறுவனத்தை, ஒரே மனிதரை நம்பி எல்லாவற்றையும் வைக்காதே என்று பிரௌன் சொன்னதையோ நாங்கள் அவரிடமிருந்து கற்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த நிறவெறிக் காலக் குடியிருப்புப் பகுதிச் சட்டத்தால், டர்பனின் கேட்டோ மேனரில் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் அதை முன்பே அறிந்திருந்தன.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இங்கே 2002-ஆம் ஆண்டின் சட்டப்படி, நிதி ஆலோசனை சொல்பவர் உரிமம் பெற்றவராகவோ, உரிமம் பெற்ற நிறுவனத்தின் பிரதிநிதியாகவோ இருக்க வேண்டும். அவருடைய உரிம எண்ணை நிதித்துறை நடத்தை ஆணையத்தின் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். அது முதல் வேலை. உரிமம் இருந்தாலே சொந்தப் புத்தியும் இருக்கும் என்று சொல்ல முடியாதாகையால், அடுத்து மூன்று விஷயங்களை நேரடியாகக் கேளுங்கள்: உங்களுக்குச் சம்பளம் தருவது நானா, நீங்கள் விற்கும் திட்டத்தின் நிறுவனமா? உங்கள் சொந்தச் சேமிப்பை எதில் வைத்திருக்கிறீர்கள்? நான் எதையும் வாங்காமல் இப்படியே இருந்துவிட்டால் என்ன நஷ்டம்? மூன்றாவது கேள்விக்கு, உங்கள் நிலைமையில் ஒரு நஷ்டமும் இல்லை என்று சொல்லி அனுப்பிவைத்த ஆலோசகர் ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்களில் முதலீட்டு ஆலோசனை தேவைப்படுபவர்களை இப்போது அவரிடம்தான் அனுப்புகிறேன்.