மிஸஸ் ஹியூஸ் ஏன் 'மிஸஸ்'?

'டௌன்டன் ஆபி' என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரில் பெருமாளிகையின் வீட்டு நிர்வாகியாக வரும் மிஸஸ் ஹியூஸுக்குக் கணவர் இல்லாதபோது ஏன் 'மிஸஸ்' என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, மறைத்து வைத்த கணவர் யாரும் அவருக்குக் கிடையாது. அக்கால ஆங்கிலேயப் பெருமாளிகைகளில் வீட்டு நிர்வாகிக்கும் தலைமைச் சமையற்காரிக்கும் மணமாகாவிட்டாலும் 'மிஸஸ்' என்பதே மரியாதைப் பெயராக இருந்தது. சமையற்காரி மிஸஸ் பாட்மோரும் அப்படித்தான்.

'மிஸஸ்' என்றதும் நாம் மனத்துக்குள் 'திருமதி' என்று மாற்றிக்கொள்கிறோம். உங்கள் குழப்பம் அங்கேதான் தொடங்கியிருக்கும். 'மிஸஸ்' என்பது 'மிஸ்ட்ரஸ்' என்பதன் சுருக்கம்; பழைய பொருள், பொறுப்பில் இருக்கும் பெண். இடுப்பில் சாவிக்கொத்து தொங்க மிஸஸ் ஹியூஸ் நடந்து வரும் காட்சியை நினைத்துப் பாருங்கள், சொல் சட்டென்று பொருந்தும். முதல் பருவத்தில் அவருடைய பழைய காதலர் ஜோ பர்ன்ஸ் மணக்கக் கேட்டு வருவதும் இதனால்தான் முரணாகாது.

சோதிக்க வேண்டுமா? அதே வீட்டில் வேலை செய்யும் தாமஸ் பேரோவின் பெயரை மட்டும் கவனித்துக்கொண்டே பாருங்கள். ஏவலராக இருக்கும்வரை மேல்மாடியில், அதாவது எஜமானர் குடும்பத்தாருக்கு, வெறும் 'தாமஸ்'. பதவி உயர்ந்ததும் மேலே குடும்பப் பெயரான 'பேரோ', கீழே பணியாளர்களிடையே 'மிஸ்டர் பேரோ'. ஒரு மனிதனின் ஏற்றத்தைப் பெயரை வைத்தே காட்டிவிடுகிறார்கள். இந்தத் தொடரில் எனக்கு மிகப் பிடித்த நுணுக்கம் இது.

ஒன்று மட்டும்: இதை இரும்பு விதியாகக் கொள்ள வேண்டாம். சீமாட்டியின் தனிப் பணிப்பெண்ணைக் குடும்பப் பெயரால் அழைப்பதே அன்றைய வழக்கம், சீமாட்டி கோராவின் பணிப்பெண் ஓ'பிரையன் அப்படித்தான். ஆனால் கோராவின் மகள் மேரிக்கு, தன் பணிப்பெண் அன்னா கடைசிவரை அன்னாதான்.