யுபிவிசி ஜன்னலுக்கு எந்தக் கம்பெனி நல்லது? கொட்டேஷன்களை எப்படி ஒப்பிடுவது?

பூச்சு வேலை முடியப் போகிறது, ஜன்னலுக்கு மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கினேன், சதுர அடி விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது, எந்தக் கம்பெனியை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். கம்பெனிப் பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

நம் ஊரில் பெரும்பாலான யுபிவிசி (கெட்டியான ஒரு வகை பிளாஸ்டிக்) ஜன்னலுக்குப் பின்னால் மூன்று பேர் இருக்கிறார்கள். ப்ரொஃபைல், அதாவது ஜன்னல் சட்டத்துக்கான நீளமான யுபிவிசி குழல், தயாரிப்பவர் ஒருவர். அதை வாங்கி அறுத்து, மூலைகளைச் சூடாக்கி ஒட்டி, கண்ணாடி போட்டு ஜன்னலாக்கும் பேப்ரிகேட்டர் ஒருவர். வீட்டுக்கு வந்து மாட்டுகிற ஆள் இன்னொருவர். வேகா, ரெஹாவ், கொம்மர்லிங் என்று நீங்கள் கேள்விப்படுவது ப்ரொஃபைலின் பெயர். ஜன்னல் உருவாவது பெரும்பாலும் உங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிற ஏதோ ஒரு பட்டறையில். ஃபெனஸ்டா மாதிரி சிலர்தான் ப்ரொஃபைலில் தொடங்கி ஜன்னலாக்குவது வரை தாங்களே செய்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் தங்கை வீட்டிலும் ஒரே ப்ரொஃபைல்தான். பேப்ரிகேட்டர் வேறு. எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அவள் வீட்டிலோ ஐப்பசி மழை வந்தால் ஸ்லைடிங் ஜன்னலின் கீழ் டிராக்கில் தண்ணீர் நிறைந்து உள்பக்கம் வழியும். தண்ணீர் வெளியே போவதற்கான துளைகளைச் சரியாகப் போடவில்லை. ப்ரொஃபைல் மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்?

அதனால் மூன்று பட்டறைக்கும் நேரில் போய் வாருங்கள். மூலை ஒட்டிய இடம் சுத்தமாக இருக்கிறதா, துளைகள் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அறுத்துப் போட்ட துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நல்ல பேப்ரிகேட்டர் தயங்காமல் தருவார். அதன் வெளிச்சுவரின் கனத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து பார்க்கலாம். ஐரோப்பிய தரமான இஎன் 12608 படி, கண்ணுக்குத் தெரியும் பக்கத்துச் சுவர் ஏ வகுப்பில் குறைந்தது 2.8 மி.மீ., பி வகுப்பில் 2.5 மி.மீ. இருக்க வேண்டும். அப்புறம், காற்றுக்குச் சட்டம் வளையாமல் இருக்க ப்ரொஃபைலுக்குள் போடும் இரும்பு. துத்தநாகப் பூச்சு உள்ளதா, எத்தனை மி.மீ. கனம், முழு நீளத்துக்கும் போடுகிறார்களா என்று கேளுங்கள். வெளியே தெரியாத இந்த இரும்பில்தான் சிலர் மிச்சம் பிடிப்பார்கள். கொட்டேஷன் விலை குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இரும்பை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கட்டடங்களுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 875 சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக வினாடிக்கு 50 மீட்டரை வைத்திருக்கிறது, அதாவது மணிக்கு 180 கி.மீ. கோவைக்கும் மதுரைக்கும் 39 மீட்டர். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது சென்னையில் இருந்தவர்களுக்குக் காற்றைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. கோவையில் தாங்கும் ஒரு பெரிய ஸ்லைடிங் ஜன்னல் கடற்கரைப் பக்கத்து மாடியில் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடலுக்குப் பக்கம் என்றால் ஸ்க்ரூ, கீல், ரோலர் எல்லாம் என்ன ஸ்டீல் என்றும் கேளுங்கள். உப்புக் காற்று முதலில் தின்பது அவற்றைத்தான்.

ப்ரொஃபைலின் பெயர் உண்மையிலேயே உதவும் இடமும் உண்டு. வெயிலில் மஞ்சளாகாமல் இருக்க டைட்டானியம் டை ஆக்சைடு போதுமான அளவு சேர்த்திருக்க வேண்டும். அதை நாம் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அங்கே ப்ரொஃபைல் கம்பெனி எழுத்தில் தரும் வாரண்டிதான் துணை. பேப்ரிகேட்டர் வாயால் சொல்வது போதாது.

விலையைப் பொறுத்தவரை, சதுர அடிக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். பாத்ரூம் வென்டிலேட்டருக்குச் சதுர அடி விலை எப்போதும் அதிகமாக வரும், பெரிய ஜன்னலுக்குக் குறையும். மூன்று பேருக்கும் ஒரே பட்டியலைக் கொடுங்கள்: ஒவ்வொரு ஜன்னலின் அளவு, ஸ்லைடிங்கா கேஸ்மென்ட்டா (கதவு போலக் கீலில் திறப்பது), கண்ணாடி எத்தனை மி.மீ., டஃபன்டா (சூடாக்கி உறுதியாக்கியது) இல்லையா, கொசுவலை உண்டா. வண்டிக் கூலி, மாட்டும் கூலி, சிலிக்கான், ஜிஎஸ்டி சேர்த்த மொத்தத் தொகையைக் கேளுங்கள். ஒருவர் கொசுவலையை விட்டுவிட்டு விலை சொல்லியிருப்பார், நீங்கள் அதை மலிவு என்று நினைத்திருப்பீர்கள்.

இரட்டைக் கண்ணாடி போடச் சொல்லி வற்புறுத்துவார்கள். அமைதியான தெருவில், ஏசி குறைவாக ஓடும் வீட்டுக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். அந்தப் பணத்தில் டஃபன்ட் கண்ணாடியும், மேற்குப் பக்கத்துக்கு வெயிலைத் தடுக்கும் கண்ணாடியும் போடலாம். பஸ் ரோட்டைப் பார்த்த படுக்கையறை என்றால் லேமினேட்டட் கண்ணாடியோடு (நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) கேஸ்மென்ட் போடுங்கள். ரப்பர் அழுந்தி மூடுவதால் சத்தம் நன்றாகவே குறையும். ஸ்லைடிங்கில் அந்த அளவுக்கு இறுக்கம் கிடைக்காது.

பூச்சும் கிரானைட்டும் முடிந்த பிறகே கடைசி அளவு எடுக்கச் சொல்லுங்கள். மாட்டி முடித்ததும், மீதிப் பணம் கொடுப்பதற்கு முன், வெளியிலிருந்து ஹோஸ் பைப்பில் ஒவ்வொரு ஜன்னல் மேலும் சில நிமிடம் தண்ணீர் அடித்துப் பாருங்கள். எந்த ஊர், எத்தனையாவது மாடி, கிரில் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று கமெண்டில் எழுதுங்கள், ஸ்லைடிங்கா கேஸ்மென்ட்டா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.